ஏர்த் பார்த்தியா?

ஹட்டன் பக்கம் ஒரு பழைய பிக்கப்பில் லைட் எரியவில்லை என்றால், டிரைவர் வந்ததும் சொல்வது "வயரிங் போச்சு பாஸ்" என்பதுதான். வயரிங் அவ்வளவு லேசில் போவதில்லை. 1978இல் ஹட்டன் டவுனில் ஒரு கராஜில் பொடியனாகச் சேர்ந்தேன். அன்றிலிருந்து நான் திறந்து பார்த்த வாகனங்களில் முழு வயரிங்கும் கெட்டு வந்தவை மிகக் கொஞ்சம். தீப்பிடித்தவை, எலி கடித்தவை, வெள்ளத்தில் கிடந்தவை, அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஒரு மூட்டில், ஒரு போல்டில், ஒரு பியூஸ் முனையில் நிற்கும் கோளாறு. அதிலும் பெரும்பங்கு கரண்ட் போகிற வழியில் இருக்காது, திரும்பி வருகிற வழியில் இருக்கும்.

பழைய வாகனத்தில் பெட்டரியிலிருந்து பல்புக்கு ஒரு வயர்தான் போகும். திரும்புவதற்கு வயர் கிடையாது. பல்ப் ஹோல்டர், அதைப் பூட்டியிருக்கும் தகடு, தகட்டைப் பிடித்திருக்கும் போல்ட், செஸி, செஸியிலிருந்து பெட்டரிக்கு வரும் பின்னல் பட்டை என்று உலோகத்தின் வழியாகவே கரண்ட் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் வழிதான் ஏர்த். காய்ந்த ஊரில் அந்த வழி நீண்ட காலம் தாங்கும். எங்கள் ஊர் அப்படியில்லை. வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5000 மில்லிமீட்டர் அளவில் மழை கொட்டும். 1868 மீட்டர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவில் மழை இல்லாத நாளிலும் பனிமூட்டம் வந்து ஒவ்வொரு தகட்டையும் நனைத்துவிட்டுப் போகும். போல்டுக்கும் தகட்டுக்கும் நடுவே புகுந்த ஈரம் காய்வதேயில்லை.

எனக்கு வேலை பழக்கிய பாஸ் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலேயே தோட்டத்து வாகனங்களில் கை வைத்தவர். நாங்கள் எந்தக் கோளாறைக் கொண்டுபோய்ச் சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "ஏர்த் பார்த்தியா?" பார்க்காமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார். ஸ்விட்சைக் கழற்றவோ பியூஸ் மாற்றவோ அதற்குப் பிறகுதான் அனுமதி.

அவரிடம் மீட்டர் இருந்ததில்லை. ஒரு பல்ப், இரண்டு வயர், ஒரு முனையில் ஊசி, மறுமுனையில் கிளிப். அந்த டெஸ்ட் லாம்பை வைத்தே எல்லாம் கண்டுபிடித்தார். அதைவிடப் பெரிய கருவி அவருடைய விரல்கள். எல்லா லைட்டையும் போட்டுப் பத்து நிமிடம் விட்டுவிடுவார். பிறகு பியூஸ் பெட்டி, லைட் ஸ்விட்சின் பின்பக்கம், கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் மூட்டுகள், ஏர்த் போல்ட் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவார். எந்த மூட்டு சூடாக இருக்கிறதோ அங்கேதான் கரண்ட் தடுமாறுகிறது. இன்று நான் மீட்டரின் ஒரு முனையைப் பெட்டரியின் ஏர்த் முனையிலும் மற்றதைப் பல்ப் ஹோல்டரின் உடம்பிலும் வைத்து, லைட்டைப் போட்டுவிட்டு அளக்கிறேன். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திரும்பும் வழி கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அவர் விரல் சொன்னதைத்தான் மீட்டர் எண்ணாகச் சொல்கிறது.

பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு லேண்ட் ரோவர் பிக்கப் வந்தது. இடது சிக்னல் போட்டால் பின்னால் உள்ள சிவப்பு லைட் மினுங்கும், பிரேக் மிதித்தால் சிக்னல் நின்றுவிடும். வேறு இடத்தில் பிளாஷர் மாற்றியிருக்கிறார்கள், சிக்னல் ஸ்விட்சும் மாற்றியிருக்கிறார்கள். டிரைவர் பாவம், துரை திட்டுவார் என்ற பயத்திலேயே நின்றார். "இதுக்குள்ள பேய் இருக்குங்க" என்றார். பெட்டரியின் ஏர்த் முனையிலிருந்து நீளமான ஒரு வயரை இழுத்துப்போய் பின் லைட்டின் உடம்பில் தொட்டேன். எல்லா லைட்டும் தன் தன் வேலையைப் பார்த்தது. வயரை எடுத்தேன், பேய் திரும்ப வந்தது.

நடந்தது இதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் 1948இல் வெளிவந்த முதல் லேண்ட் ரோவரிலிருந்தே உடம்பு அலுமினியக் கலவைத் தகடு, செஸி இரும்பு. இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரித்து வெள்ளை மாவாகப் பூக்கும். அந்த மாவு கரண்டை விடாது. பின்பக்கத் தகடு செஸியோடு தொடர்பு அறுந்து நிற்கும்போது, சிக்னல் பல்புக்கு வந்த கரண்ட் திரும்ப வழியில்லாமல் பக்கத்துச் சிவப்பு பல்புக்குள் பின்பக்கமாக ஏறி, அதன் வயரில் போய், வேறு எங்கோ ஏர்த் தேடுகிறது. ஒரு லைட் போட்டால் இன்னொரு லைட் அரைகுறையாக எரிந்தால், ஸ்விட்சைத் தேடாதீர்கள். போல்டைக் கழற்றி, தகட்டை வெள்ளை வெளேரென்று சுரண்டி, கிரீஸ் தடவி, இறுக்கிப் பூட்டினோம். பாகம் எதுவும் வாங்கவில்லை.

ஈரத்தைவிட மோசமானது உரம். தோட்டத்து பிக்கப் ஆள் ஏற்றும், கொழுந்துச் சாக்கு ஏற்றும், உர மூட்டையும் ஏற்றும். அமோனியம் சல்பேட் கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தித் தளத்தின் இடுக்கில் இறங்கி, மழைத்தண்ணீரில் கரைந்து, பின் லைட்டுக்குப் போகும் மூட்டுகளில் போய் உட்காரும். இரும்பும் தின்னும், செம்பும் தின்னும். வயரின் தோல் நன்றாக இருக்கும். உரித்துப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சையாகவும் கறுப்பாகவும் மாறி, விரலில் உதிரும். அப்படிப்பட்ட வயரை நல்ல செம்பு வரும்வரை பின்னோக்கி வெட்டிக்கொண்டே போக வேண்டும். கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது. பிடித்ததுபோல் தெரியும், மழைக்காலம் வந்ததும் விட்டுவிடும். உரம் ஏற்றிய அன்றே தளத்தைக் கழுவிவிடச் சொல்லி எத்தனையோ டிரைவர்மாரிடம் கெஞ்சியிருக்கிறேன். கேட்டவர்களின் வண்டி இன்றும் ஓடுகிறது.

ஆங்கிலேய வாகனங்களில் வேலை செய்தவர்களுக்கு லூகாஸ் கம்பனியின் நிறக் கணக்கு மனப்பாடம். மொரிஸ், ஒஸ்டின், ஹில்மன், லேண்ட் ரோவர் எதுவானாலும் நிறம் ஒன்றே. பழுப்பு என்றால் பெட்டரியிலிருந்து நேரே வருவது, எப்போதும் உயிருள்ளது. வெள்ளை, சாவி திருப்பினால் வருவது. பச்சை, சாவிக்குப் பிறகு பியூஸ் வழியாக வருவது. நீலம் ஹெட்லைட். சிவப்பு பார்க் லைட்டும் பின் லைட்டும். கறுப்பு ஏர்த். பச்சையில் சிவப்புக் கோடு இடது சிக்னல், பச்சையில் வெள்ளைக் கோடு வலது. இந்த ஒழுங்கு தெரிந்தவனுக்குப் படம் தேவையில்லை. பழைய துணி சுற்றிய வயர் எண்ணெயும் தூசியும் பட்டு ஒரே கறுப்பாகியிருக்கும். மூட்டின் மேலிருக்கும் ரப்பர் உறையைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள், உறைக்கு அடியில் ஒரு அங்குலம் பழைய நிறம் அப்படியே இருக்கும்.

இந்தக் கணக்கைக் குழப்பியது தட்டுப்பாட்டுக் காலம். 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுகிக் கிடந்தது. வாகன வயர் கிடைக்காது, பியூஸ் கிடைக்காது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசின் கைக்குப் போன காலமும் அதுதான். துரைமார் மாறினார்கள், வண்டிகள் மாறவில்லை. வண்டி நிற்கக்கூடாது, கொழுந்து பெக்டரிக்குப் போயாக வேண்டும். தோட்டத்துப் பெக்டரியில் வேலை செய்த எலக்ட்ரீஷியன் வீட்டு வயரை எடுத்து பிக்கப்பில் போட்டார். வீட்டு வயரில் சிவப்பு உயிர், கறுப்பு நியூட்ரல், பச்சை ஏர்த். லூகாஸில் பச்சை உயிருள்ளது, சிவப்பு பின் லைட்டுக்குரியது. ஒருவர் போட்டதை மற்றவர் தன் கணக்கில் படித்து, உயிருள்ள பச்சையை ஏர்த் என்று நினைத்து வண்டியின் உடம்பில் பூட்டினால் பியூஸ் போகும். பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் செருகுவார்கள். அப்புறம் பியூஸ் போகாது, வயர் போகும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது வந்த வண்டிகளில் பாதி இப்படித்தான் இருந்தன.

அந்த மனிதர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கையில் இருந்ததை வைத்து வண்டியை ஓட்டினார்கள். பிரசவ வலி வந்தவளை லயத்திலிருந்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதே பிக்கப்தான். ஆனால் வீட்டு வயரின் கம்பி கெட்டியானது. சுவருக்குள் அசையாமல் கிடக்கச் செய்தது. தோட்டத்து ரோட்டின் குலுக்கலில் தோலுக்குள்ளேயே முறிந்துவிடும். வெளியே பார்த்தால் வயர் முழுசாக இருக்கும். வாகன வயரில் மெல்லிய இழைகள் பல இருப்பது அந்த ஆட்டத்தைத் தாங்கத்தான். ஒரு பழைய வண்டி வந்தால் முதலில் நான் தேடிக் கழிப்பது இந்தக் கெட்டிக் கம்பிகளைத்தான்.

நாங்கள் பட்ட பாட்டில் பெரியது டைனமோ. மொரிஸ் மைனர் பிக்கப்பில் இருந்த லூகாஸ் டைனமோ நல்ல நிலையில் 22 அம்பியர் தரும், அதற்கு முந்தியது 19. இஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் அதுவும். மெல்ல ஓடும் இஞ்சினில் டைனமோ ஒன்றும் தராது, டேஷ்போர்டில் சிவப்பு சார்ஜ் லைட் எரிந்துகொண்டே நிற்கும். இப்போது நானுஓயாவிலிருந்து ரதல்ல வழியாக மூடுபனியில் இறங்குகிற ஒரு டிரைவரை நினைத்துப் பாருங்கள். பகல் பன்னிரண்டு மணி, ஹெட்லைட் போட்டாக வேண்டும், வைப்பர் ஓடியாக வேண்டும், எதிரே பஸ் வருகிறதா என்று ஊர்ந்துதான் போக வேண்டும். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து பத்து அம்பியர் கேட்கும், பின் லைட்டும் வைப்பரும் கொயிலும் சேர்ந்து இன்னொரு பங்கு கேட்கும். டைனமோ தருவது சைபர். எல்லாம் பெட்டரியிலிருந்து போகிறது. தலவாக்கலையில் வண்டியை நிறுத்தித் தேநீர் குடித்துவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாது. "பெட்டரி புதுசு பாஸ், வாங்கி மூணு மாசம்தான்" என்று வந்து நிற்பார்கள். பெட்டரியில் பிழை இல்லை, டைனமோவிலும் இல்லை. சமவெளியில் நாற்பது மைல் வேகத்தில் ஓடுவதற்குக் கணக்குப் போட்ட வண்டியை மூடுபனிக்குள் ஊரவிட்டதுதான் காரணம்.

இருந்தாலும் கட்அவுட்டைப் பார்க்காமல் விடமாட்டேன். டைனமோ போதுமான வோல்ட் தரும்போது பெட்டரியோடு சேர்த்துவிடுவதும், வேகம் குறைந்ததும் பிரித்துவிடுவதும் அதன் வேலை. 12.7க்கும் 13.3க்கும் நடுவே சேர வேண்டும். அதன் முனைகள் கருகியிருந்தால் பிந்திச் சேரும், ஒட்டிக்கொண்டால் பெட்டரி டைனமோவை மோட்டார்போல் சுழற்றப் பார்த்து இரவோடு இரவாகக் காலியாகிவிடும். மூடியைத் திறந்து, முனைகளைச் சுத்தம் செய்து, இஞ்சினை மெல்ல ஏற்றிக்கொண்டே மீட்டரைப் பார்த்து ஸ்பிரிங்கை முடி அளவு திருப்புவது கைப்பழக்கம். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் ஹட்டனில் இப்போது குறைந்துவிட்டார்கள்.

1977க்குப் பிறகு ஜப்பான் வண்டிகள் வரத் தொடங்கின. டட்சன், டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு. அவற்றில் ஒல்டர்னேட்டர். மெல்ல ஓடும் இஞ்சினிலும் சார்ஜ் ஆகும். மூடுபனிப் பிரச்சினை பாதி அன்றோடு தீர்ந்தது என்றே சொல்வேன். ஆனால் அதோடு வந்தது ரேடியோ கெசட். தோட்டத்து இளைஞர்கள் பழைய மொரிஸிலும் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டார்கள். பழைய ஆங்கில வண்டிகளில் பெட்டரியின் பிளஸ் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும், மொரிஸ் மைனரில் கடைசிவரை அப்படித்தான். ஜப்பான் ரேடியோவின் உடம்பு மைனஸ். அதைக் கொண்டுபோய் டேஷ்போர்டில் போல்ட் போட்டு இறுக்கினால் புகை வரும்.

அதனால் பிளஸ் ஏர்த்தை மைனஸாக மாற்றிக் கொடுப்பது எங்களுக்குத் தனித் தொழிலாயிற்று. பெட்டரியைத் திருப்பி வைத்து, கொயில் வயர்களை இடம் மாற்றி, டைனமோவுக்குள் இருக்கும் காந்தத்தையும் திருப்ப வேண்டும். டைனமோவின் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, பெட்டரியின் உயிருள்ள முனையிலிருந்து ஒரு வயர் எடுத்து சின்ன முனையில், அதாவது பீல்ட் முனையில், பட்டுப் பட்டென்று இரண்டு மூன்று தரம் தொட்டெடுத்தால் போதும், பொறி பறக்கும், காந்தம் திரும்பிவிடும். அந்தக் காலத்து வைப்பர் மோட்டாருக்கும் ஸ்டார்ட்டருக்கும் எந்தப் பக்கம் என்ற கவலை இல்லை, அவை இரண்டு பக்கமும் ஒரே திசையில்தான் சுற்றும். ஒல்டர்னேட்டர் மாட்டிய வண்டியில் மட்டும் பெட்டரியை மாற்றி வைத்துவிடக் கூடாது. தொட்ட கணமே டயோடு எரிந்துவிடும்.

எப்போதும் இருக்கும் கோளாறு வேலையே இல்லை. வந்து வந்து போகும் கோளாறுதான் மனிதனைச் சோதிக்கும். அக்கரப்பத்தனைப் பக்கமிருந்து வந்த டட்சன் பிக்கப் ஒன்று, கொழுந்து ஏற்றிக்கொண்டு ஒரு குறிப்பிட்ட முடக்கில் திரும்பும்போது மட்டும் பியூஸை எரிக்கும். கராஜில் நிறுத்தினால் ஒன்றும் நடக்காது. டிரைவர் பொய் சொல்வதாகத் தோட்டத்தில் நினைத்தார்கள். டிரைவர் சொல்வதை நம்ப வேண்டும் என்பது என் கட்சி. ஒவ்வொரு நாளும் அந்த வண்டியோடு இருப்பவர் அவர். தளத்தில் உர மூட்டைகளை ஏற்றச் சொல்லி, பின்பக்க ஒரு சில்லுக்கு மட்டும் ஜெக் கொடுத்து உயர்த்தினேன். முடக்கில் செஸி எப்படி முறுகுமோ அப்படி முறுகியது. பியூஸ் போயிற்று. கீழே படுத்துப் பார்த்தால், குறுக்குச் சட்டத்தின் ஓரத்தில் வயர்க் கட்டின் தோல் தேய்ந்து செம்பு எட்டிப் பார்க்கிறது. நேரே நிற்கும்போது ஒரு நூல் இடைவெளி, முறுகும்போது தொடுகிறது. தோலைச் சரிசெய்து, ரப்பர் குழாய் மாட்டி, வேறு இடத்தில் கிளிப் போட்டேன். அந்த டிரைவர் போகும்போது கை எடுத்துக் கும்பிட்டார். அவருடைய வார்த்தை மெய்யாயிற்றே என்பதுதான் அவருக்குப் பெரிது.

அதேபோல் மொரிஸ் மைனரில் கொயில் டைனமோவின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். இஞ்சின் ஆடும்போதெல்லாம் கொயிலுக்கு வரும் வெள்ளை வயரும் ஆடும், தோலுக்குள் முறியும். ஏற்றத்தில் உதறி உதறி நிற்கிற மைனருக்குக் காபரேட்டரைக் கழற்றுமுன், இஞ்சினை ஓடவிட்டு அந்த வெள்ளை வயரைக் கையால் அசைத்துப் பாருங்கள்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனபோது, பழைய பிக்கப்புகள் பல ஏலத்துக்கு வந்தன. மரக்கறித் தோட்டக்காரர்களும் டவுன் முதலாளிமாரும் வாங்கினார்கள். அந்த இடத்துக்கு டபுள் கெப் வந்தது, பிற்பாடு டிமோ பட்டா என்ற சின்ன லொறி வந்து ரோட்டை நிறைத்தது. இனி லூகாஸ் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கொட்டகையில் கோழி அடைகாத்த வண்டிகளெல்லாம் வெளியே வந்தன. ஆசைக்காகப் பழைய வண்டி வைத்திருக்கும் கொழும்புக்காரர்களும் ஏப்ரல் வசந்த காலத்துக்கு நுவரெலியா ஏறி வருகிறார்கள். றம்பொடை ஏற்றத்தில் பழுதாகிப் பாதிப் பேர், பனிமூட்டத்தில் மீதிப் பேர் என்று என்னிடம் வந்து சேர்கிறார்கள்.

அவர்களில் பலர் கேட்பது முழு வயரிங்கையும் பிய்த்தெறிந்து புதிதாகப் போடச் சொல்லி. நான் மறுத்துவிடுவேன். அறுபது வருடம் தாங்கிய லூகாஸ் வயர்க் கட்டில் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெடுவது முனைகள். முனைகளைப் புதுப்பித்து, அங்கங்கே பிற்காலத்தில் ஒட்டுப்போட்டவற்றைக் கழித்தால், வண்டி தன் முதல் நிலைக்குத் திரும்பும். ஹெட்லைட்டுக்கு மட்டும் ரிலேயும் பியூஸும் சேர்ப்பேன், ஏனென்றால் அந்தக் காலத்து வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் பியூஸே கிடையாது. இந்த மலைப் பாதையில் ஹெட்லைட் வயர் எரிந்து அணைந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

என்னிடம் இப்போது வேலை பழகும் தம்பி ஸ்கேனரோடு திரிகிறவன். கெட்டிக்காரன். போன மாதம் ஒரு டபுள் கெப்புக்கு ஸ்கேனர் போட்டு மூன்று சென்சார் பிழை என்று சொன்னான். மூன்றும் ஒரே நேரத்தில் கெடுமா என்று கேட்டேன். இஞ்சினிலிருந்து செஸிக்கு வரும் பட்டையைக் கழற்றிப் பார்த்தோம், உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. மாற்றியதும் மூன்று பிழையும் போயிற்று.

பழைய பிக்கப் எது வந்தாலும் யாரும் கேட்காமலே நான் செய்கிற வேலை ஒன்று உண்டு. பின் லைட் இரண்டிலிருந்தும் ஹெட்லைட் இரண்டிலிருந்தும் தனித்தனிக் கறுப்பு வயர் எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, பெட்டரியின் ஏர்த் முனைக்கே நேராகக் கொண்டுவந்து விடுவேன். தகட்டையும் போல்டையும் நம்பி இந்த ஊரில் வண்டி ஓட முடியாது. அந்த வயர் சுத்தச் செம்பாக இருக்க வேண்டும். இப்போது மலிவாக வருவதில் பாதி அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியது. பிளேடால் ஓர் இழையைச் சுரண்டினால் வெள்ளை தெரிந்துவிடும், இரண்டு மழைக்காலம் தாங்காது. அதனால் ரோல் முடிந்தால் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குச் சொல்லியனுப்பி, வந்ததைச் சுரண்டிப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குகிறேன். அதுவரை வண்டிக்காரர் காத்திருக்கத்தான் வேண்டும்.